வாயில்லா ஜீவன்களிடம் கற்றது



மனிதருக்கு வைத்தியம் செய்கிறவரிடம் நோயாளி தன் வருத்தத்தைத் தானே சொல்லிவிடுகிறான். கால்நடை மருத்துவனுக்கு அந்தச் சிலாக்கியம் இல்லை. அவன் அருகே போக வேண்டும், பார்க்க வேண்டும், தொட வேண்டும். மும்பைப் புறநகரின் தபேலாக்களில் 34 ஆண்டுகள் எருமைகளுக்கும் பசுக்களுக்கும் மருத்துவம் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அந்தத் தொழில் எனக்குக் கற்பித்ததை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆரோக்கியமான மாட்டின் மூக்கு ஈரமாயிருக்கும். நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அது அசைபோடும். அசைபோடுதல் நின்று, மூக்கு உலர்ந்து, காது குளிர்ந்தால் அது பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள். தீவனத்தோடு கம்பியையோ ஆணியையோ விழுங்கிய மாடு முதுகை வளைத்து, முன்னங்கால்களை அகற்றி நிற்கும்; சரிவில் இறங்க மறுக்கும். கம்பி இரைப்பையைத் துளைத்து இருதயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அறியாதவனோ சண்டித்தனம் என்று எண்ணி அடிப்பான்.

எண்ணாகமம் 22-ஆம் அதிகாரத்தில் பிலேயாமின் கழுதை பேசியதைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். அது வாய் திறப்பதற்கு முன் நடந்ததைக் கவனித்தீர்களா? முதலில் வழியை விட்டு வயலுக்குள் விலகியது. பிறகு சுவரோடு ஒதுங்கி அவன் காலை நெருக்கியது. மூன்றாவது அவன் கீழேயே படுத்துவிட்டது. மூன்று முறை சொல்லிற்று, மூன்று முறையும் அடி வாங்கிற்று. தீர்க்கதரிசி என்று பேர் பெற்றவனுக்குத் தான் ஏறிவந்த மிருகத்தின் பாஷை தெரியவில்லை.

தபேலாக்களில் நான் அடிக்கடி கண்ட அவசர நோய் பால் சுரம். சுரம் என்பது பெயரளவில்தான், உடம்பு குளிர்ந்துபோயிருக்கும். சில ஈற்றுக் கண்ட, நிறையக் கறக்கும் மாட்டுக்கே இது பெரும்பாலும் வரும். ஈன்ற இரண்டொரு நாட்களில், இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து சீம்பாலோடு மடிக்கு இறங்கிவிடுகிறது. எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்ய உடலுக்கு அவகாசமில்லை. மாடு தள்ளாடிப் படுக்கும்; தலையை விலாப்பக்கம் மடக்கிக்கொள்ளும்; பிறகு நினைவிழக்கும். கால்சியம் மருந்தை இரத்தக்குழாயில் ஏற்றினால் உடல் நடுங்கி, ஏப்பம் விட்டு, சாணமிட்டு, பல மாடுகள் சற்று நேரத்தில் எழுந்து நிற்கும். மாட்டுக்காரர்கள் கைகூப்புவார்கள். ஆனால் அதே மருந்தை வேகமாய் ஏற்றினால் இருதயம் நின்றுவிடும். ஆகவே கை புட்டியைப் பிடித்திருக்க, காது இருதயத் துடிப்பிலேயே இருக்கும். கால்சியம் மருந்து வருவதற்கு முன் அக்கால மருத்துவர்கள் மடிக்குள் காற்றை அடைத்தார்கள் என்றால் சிரிப்பீர்கள். அது பலித்தது! மடி விம்மியதால் பால் சுரப்பது நின்றது. இரத்தத்தில் மீந்த சத்து உயிரைக் காத்தது.

தன்னை வெறுமையாக்கிக் கொடுத்து விழுந்துபோகிற அந்தத் தாயைப் பார்க்கும்போதெல்லாம் நம் சபைச் சகோதரிகளே என் நினைவுக்கு வருவார்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு விழித்து, சமைத்து, இரண்டு வீடுகளில் வேலை செய்து, மாலை ஜெபத்துக்கும் வந்து, எல்லாரும் சாப்பிட்டபின் மீந்ததைச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். களைப்பைப் பற்றிக் கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மாட்டின் கீழ் இமையை விலக்கி, உள்ளே சிவப்பா வெளுப்பா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். சகோதரனே, உன் மனைவியின் இமையை என்றைக்காவது அப்படிப் பார்த்தாயா? வெளுத்திருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போ. நீதிமொழிகள் 12:10-இல் சொல்லப்பட்ட நீதிமான் தன் மிருகத்தின் ஜீவனையே கவனிக்கிறவன்.

சொல்லாமலிருக்கிற இன்னொரு கூட்டம் உண்டு: நம் பிள்ளைகள். தெருநாய் கடித்தாலும் பிராண்டினாலும் வீட்டில் மறைத்துவிடுவார்கள். நாயைச் சீண்டினாயா என்று அடி விழும் என்ற பயம். நாய்வெறி நோய்க் கிருமி நரம்பு வழியாய் மெதுவாய் மூளைக்கு ஏறுகிறது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஊசி அதைத் தடுக்கும். தண்ணீரைக் கண்டு மிரளும் நிலை வந்துவிட்டால் பிழைப்பவர் அநேகமாய் இல்லை.

ஊசி போடுவது அவிசுவாசம் என்று எண்ணுகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். எசேக்கியாவுக்குச் சுகம் தருவதாய்க் கர்த்தர் வாக்களித்த பிறகுதான் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னான் (2 இராஜாக்கள் 20). எங்கள் சபையில் நாய் கடித்த ஒரு சிறுவனை மூன்றாம் நாளில் ஜெபத்துக்குக் கொண்டுவந்தார்கள். போதகர் எண்ணெய் பூசி ஜெபித்தார். ஜெபித்த கையோடு ஆட்டோவில் ஏற்றி மாநகராட்சி மருத்துவமனைக்கும் அழைத்துப்போனார். நானும் வெறிநாய்களைத் தொட வேண்டியிருந்த தொழிலில் ஜெபத்தையும் விடவில்லை, தடுப்பூசியையும் விடவில்லை.

இன்றிரவு குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளைகள் உட்காரும்போது கைகால்களைப் பாருங்கள். கீறல் இருந்தால், அடிக்கமாட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கடி என்றால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நாட்கள் கடந்திருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் வந்திருந்தால் காயத்துக்குள் போடும் சீரம் ஊசியையும் கேளுங்கள். தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில் உண்டு. தசையில் போடும் முறைக்கு நாட்கள் வேறு, சீட்டில் எழுதித் தருவார்கள். நடுவே விடுமுறைக்கு ஊருக்கு ரயிலேறுகிறீர்களானால் அந்தச் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஊசிகளை ஊரிலுள்ள அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம்.