இன்னைக்கு நைட் என்ன டிபன்? சமையல் சிலருக்கு ரிலாக்ஸ், பலருக்கு டென்ஷன்... ஏன் இந்த வித்தியாசம்?

மாலை 6 மணி தாண்டினால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இதுதான்: "இன்னைக்கு நைட் என்ன?"

"மாவு இருக்கு, தோசை ஊத்திக்கலாம்" என்று பதில் வந்துவிட்டால் அன்றைய கவலை முடிந்தது. மாவு தீர்ந்துபோன நாளில்தான் யோசனை ஆரம்பிக்கும். சப்பாத்தி போடலாமா, உப்புமா கிளறினால் பிள்ளைகள் சாப்பிடுவார்களா, கடையில் பரோட்டா வாங்கிவிடலாமா?

இன்னொரு பக்கம், "சமைக்கிறதே ஒரு ஸ்ட்ரெஸ் ரிலீஃப்தான்" என்று சொல்பவர்களும் நிறைய பேர். சமையலை ஜாலியான விளையாட்டாகக் காட்டும் டிவி நிகழ்ச்சிகளையும் மக்கள் ரசித்துப் பார்க்கிறார்கள்.

அதே அடுப்பு, அதே வெங்காயம், அதே கடுகு. அப்படியிருக்க, ஒருவருக்கு நிம்மதி தரும் சமையல் இன்னொருவருக்கு மட்டும் ஏன் சலிப்பாகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ராத்திரி நாம் என்ன சாப்பிடுகிறோம்?

மதியம் சாப்பாடு, ராத்திரி டிபன். தமிழ்நாட்டில் பல குடும்பங்களின் வழக்கம் இது. இட்லி, தோசை, இடியாப்பம், ஊத்தப்பம், உப்புமா என ஒரு சுற்று வரும். அமாவாசை, கிருத்திகை போன்ற விரத நாட்களில் ராத்திரி சோறு சாப்பிடாமல் பலகாரத்தோடு முடித்துக்கொள்பவர்களும் உண்டு.

எல்லா வீடுகளிலும் இப்படியில்லை. ராத்திரியும் சோறு, ரசம் இருந்தால்தான் திருப்தி என்பவர்கள் ஏராளம். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு தயார்.

சர்க்கரை நோய் பயம் வந்த பிறகு பல வீடுகளின் ராத்திரி தட்டில் சப்பாத்தி இடம் பிடித்துவிட்டது. சென்னையில் 2013-ல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்களிலும் ராத்திரிக்குச் சப்பாத்தியும் பருப்பும்தான்.

இந்த ராத்திரி டிபனுக்குப் பின்னால் நிற்பது மாவு. அரிசியும் உளுந்தும் ஊற சில மணி நேரம், அரைக்க அரை மணி நேரத்துக்கு மேல், புளிக்க இன்னும் 8 முதல் 12 மணி நேரம். அதாவது, நாளை ராத்திரி தோசை வேண்டுமென்றால் இன்றைக்கே யாராவது ஒருவர் அரிசி ஊறப்போட்டிருக்க வேண்டும். பாக்கெட் மாவு தெருமுனைக் கடை வரை வந்துவிட்டது. ஆனால் அதை ஞாபகமாக வாங்கி வைக்கவும் ஓர் ஆள் தேவைதான்.

சமைத்தால் மனசு லேசாகுமா?

ஆகும். அதற்கு காரணமும் இருக்கிறது. காய் நறுக்குவது, மாவு பிசைவது போன்றவை கைகளுக்குப் பழகிய, திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள். கவனம் கையில் இருக்கும்போது ஆபீஸ் பிரச்னை கொஞ்ச நேரம் மறந்துபோகும். தாளிக்கும் வாசனை, கண் முன்னால் ஒரு பொருள் உருவாகும் திருப்தி, கடைசியில் "சூப்பரா இருக்கு" என்ற ஒரு வார்த்தை. இதெல்லாம் சேர்ந்துதான் அந்த நிம்மதி.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 658 இளைஞர்களை 13 நாட்கள் தினமும் குறிப்பு எழுத வைத்துப் பார்த்தனர். 2016-ல் வெளியான அந்த ஆய்வின்படி, படைப்பு சார்ந்த வேலையில் அதிகம் ஈடுபட்ட நாளுக்கு மறுநாள், அவர்கள் கூடுதல் உற்சாகத்தோடு இருந்தார்கள். அவர்கள் குறிப்பிட்ட அத்தகைய வேலைகளில் பின்னல், ஓவியம் ஆகியவற்றோடு புது சமையல் குறிப்பைச் செய்து பார்ப்பதும் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை 'புது'. ஆசைப்பட்டு ஒரு புது ஐட்டத்தைச் செய்து பார்ப்பதும், வருஷம் 365 நாளும் ராத்திரி டிபன் செய்தே ஆக வேண்டும் என்பதும் ஒன்றல்ல.

தோசைக்கல் முன்னால் நிற்பவரின் கணக்கு

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டில் 4 பேர், ஆளுக்கு 3 தோசை என்றால் மொத்தம் 12. ஒரு தோசைக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தாலும் அரை மணி நேரம் கல் முன்னால் நிற்க வேண்டும்.

இட்லியை ஒரே ஈட்டில் மொத்தமாக அவித்து எடுத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து உட்காரலாம். தோசை அப்படியில்லை. சூடாக இருந்தால்தான் ருசி. அதனால் ஒருவர் சுட்டுப் போட, மற்றவர்கள் டிவி பார்த்தபடி சாப்பிடுவார்கள். "இன்னொண்ணு முறுகலா", "எனக்கு வெங்காயம் போட்டு" என்று ஹாலிலிருந்து ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். சுடுபவருடைய தோசை கடைசியில்தான். அதற்குள் சட்னி பாதி காலியாகியிருக்கும், கூடச் சாப்பிட்டவர்கள் கை கழுவிப் போயிருப்பார்கள்.

அடுப்பு அணைந்துவிடும் என்பதால் பல சமையலறைகளில் ஃபேனும் கிடையாது. பகல் முழுக்க ஆபீஸிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு, ஏப்ரல், மே வெயிலில் அந்தச் சின்ன அறைக்குள் நிற்பவரிடம் "சமையல் ரிலாக்ஸா இருக்குமே" என்று சொன்னால் அவருக்குச் சிரிப்புதான் வரும்.

சுடச்சுடப் பரிமாறுவதற்காகவே அடுப்படியில் முடங்கும் பெண்ணின் கதையை 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படம் 2021-ல் சொன்னபோது, அதுபற்றி இங்கேயும் நிறைய பேசினார்கள். 2023-ல் அது தமிழிலும் எடுக்கப்பட்டது.

புள்ளிவிவரம் என்ன சொல்கிறது?

மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு 2019-லும் 2024-லும் கணக்கெடுத்தது. சமையல், பாத்திரம், துணி, வீடு பெருக்குவது என சம்பளமில்லாத வீட்டு வேலைகளும் அதில் அடக்கம்.

2019-ல் இந்த வேலைகளைச் செய்த பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம். 5 வருஷத்தில் பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்தது உண்மை. ஆனால் ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், இது அந்த வேலையைச் செய்பவர்களின் சராசரி மட்டுமே. 2019 கணக்கின்படி, 100 பெண்களில் சுமார் 81 பேர் வீட்டு வேலை செய்தார்கள். 100 ஆண்களில் சுமார் 26 பேர்தான்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை திட்டத்துக்கு 'உரிமை' என்று பெயர் வைத்ததற்கும், பெண்களின் இந்தச் சம்பளமில்லாத உழைப்பை அங்கீகரிக்க வேண்டும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

யோசிப்பதும் ஒரு வேலைதான்

கடிகாரக் கணக்கில் வராத வேலையும் இருக்கிறது. ராத்திரிக்கு என்ன, தேங்காய் இருக்கிறதா, மாமனாருக்குக் காரம் ஆகாதே, நாளைக்கு லஞ்ச் பாக்ஸுக்கு என்ன என்று மனதுக்குள் ஓடும் பட்டியல்.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி, 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தேவையை முன்கூட்டியே கவனிப்பது, என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்பது, முடிவெடுப்பது, அது சரியாக நடந்ததா என்று கண்காணிப்பது என இந்த யோசனை வேலையை 4 கட்டங்களாக அவர் பிரித்தார். முடிவெடுக்கும் கட்டத்தில் ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தன.

ஆய்வு அமெரிக்காவில் நடந்திருந்தாலும், "எதுவா இருந்தாலும் ஓகே" என்ற பதிலைக் கேட்டுப் பழகிய நம் ஊர் வீடுகளுக்கு இது புதிதல்ல. கேட்க அனுசரிப்பாகத் தெரிந்தாலும், அந்தப் பதிலால் யோசிக்கும் பொறுப்பு கேட்டவரிடமே திரும்பிப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மட்டும் ஏன் ஜாலி?

வாரம் ஒருநாள் பிரியாணி செய்யும் அப்பாவுக்கு அந்தச் சமையல் உண்மையிலேயே ரிலாக்ஸ்தான். நாளையும் நேரத்தையும் அவரே முடிவு செய்கிறார். வெங்காயம் உரித்துக் கொடுக்க ஆள் உண்டு. தாமதமானால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சாப்பிட்டுப் பாராட்டுகிறார்கள். அண்டாவைத் தேய்ப்பது பெரும்பாலும் வேறொருவர்.

இதே வசதிகள் தினமும் சமைப்பவருக்கும் கிடைத்தால் அவருக்கும் அது ஜாலியாக இருக்கலாம். விருப்பம், நேரம், கூட ஒரு ஆள், வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம். சமையல் இளைப்பாறலா, சுமையா என்பது பெரும்பாலும் இந்த நான்கையும் பொறுத்ததே.

வீட்டில் என்ன மாற்றலாம்?

* முழுப் பொறுப்பு: வாரத்தில் 2 ராத்திரிகளை இன்னொருவர் ஏற்கலாம். என்ன சமைப்பது என்று யோசிப்பது, பொருள் வாங்குவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது என எல்லாமே அவர் பொறுப்பு. "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சு தர்றேன்" என்றால் பாதி வேலை இன்னும் மாறவில்லை என்று அர்த்தம்.

* வாரப் பட்டியல்: திங்கள் இட்லி, செவ்வாய் சப்பாத்தி என்று ஞாயிறன்றே பேசி வைத்தால், தினமும் மாலையில் வரும் அந்தக் கேள்வியே வராது.

* கல்லை மாற்றிப் பிடியுங்கள்: முதலில் சாப்பிட்டவர் எழுந்து போய், சுட்டவருக்குச் சூடாக 3 தோசை சுட்டுத் தரலாம். பெரிய பிள்ளைகளும் பழகலாம்.

* எளிமையானதும் சாப்பாடுதான்: இட்லியும் பொடியும் போதும் என்றால் அது குறையில்லை. கூட ஒரு முட்டையோ, கொஞ்சம் சுண்டலோ, காயோ இருந்தால் சத்தும் சேரும். தினமும் 2 சட்னி, ஒரு சாம்பார் என்பது கட்டாயமில்லை.

சமையலே பிடிக்காது என்று சொல்பவர்களில் சிலர், தனியாக இருக்கும் ஒரு சாயங்காலத்தில் தனக்குப் பிடித்ததை மட்டும் ஆசையாகச் செய்து சாப்பிடுவதும் உண்டு. அவர்களுக்கு அலுத்துப்போனது சமையல் அல்ல, தினமும் தான் மட்டுமே அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கிறதே என்பதுதான்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் "என்ன டிபன்?" என்று கேட்கத் தோன்றினால், அதற்கு முன் மாவு இருக்கிறதா என்று ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள்.