இணையம் நின்றால் அமைப்பைக் கலைக்கலாமா?

கோவையின் ஆலை அலுவலகங்களிலும் திருப்பூரின் பனியன் நிறுவனங்களிலும் ஈரோட்டு மஞ்சள் மண்டிகளிலும் இணையம் நின்றுபோவது இன்று கணக்குப்பிள்ளையின் கவலையோடு முடிவதில்லை. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இணையத்தில் எடுக்கும் இ-வே பில் கட்டாயமாக்கப்பட்டதால், கணினியின் கோளாறு லாரி புறப்படும் நேரத்தையும் தொட்டுவிடுகிறது. இந்த அவசரத்தில் பலர் எடுத்த எடுப்பில் நாடுவது ‘நெட்வொர்க் ரீசெட்’ என்னும் வசதியை. விண்டோஸ் 10 இயங்குதளத்தில் 2016ஆம் ஆண்டின் புதுப்பிப்போடு ஒரே பொத்தானாக வந்துசேர்ந்த இது, மற்ற வழிகளெல்லாம் பொய்த்த பிறகே தொட வேண்டியது.

கோளாறு கணினிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே முதலில் தெளிய வேண்டியது. அதே வைஃபையில் இணைந்த கைப்பேசியிலும் இணையம் வரவில்லையென்றால் கணினியின் மேல் பழி போடுவதில் பொருளில்லை, மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளியிழைக் கம்பி வழியே வர வேண்டிய சமிக்ஞையே வந்து சேரவில்லை என்று பொருள். சாலையோரம் தோண்டிய பள்ளத்தில் அறுந்த இழையை எந்தப் பொத்தானும் ஒட்டவைக்காது.

கைப்பேசியில் இணையம் வந்து கணினியில் மட்டும் வராதபோது, கணினி வைத்திருக்கும் முகவரிகளைப் பார்க்க வேண்டும். ஒரு வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் தேவை. அதைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைபோல வழங்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர், சிறு அலுவலகங்களில் அந்த வேலையைச் செய்வது ரௌட்டர். மின்தடையின்போது யு.பி.எஸ். தயவில் கணினி தன் பழைய எண்ணோடு ஓடிக்கொண்டிருக்க, அந்த வசதியில்லாத ரௌட்டர் அணைந்து, மின்சாரம் வந்ததும் தான் கொடுத்த எண்களின் பட்டியலை மறந்து எழுவதுண்டு. அப்போது ஒரே எண் இரு கருவிகளுக்குப் போய்ச் சேர்ந்து இரண்டும் தடுமாறும். கணினியின் எண் 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து பதில் வராததால் கணினி தனக்குத்தானே எண் சூட்டிக்கொண்டது என்று அறியலாம். இவ்விரு நிலைகளிலும் கேபிளைச் சரிபார்த்து, ரௌட்டரை அணைத்து ஏற்றி, பழைய எண்ணை விடுத்துப் புதியதைக் கேட்டு வாங்கினாலே பெரும்பாலும் போதும்.

ரீசெட் உண்மையிலேயே கைகொடுப்பது, கணினிக்குள் எழுதப்பட்ட அமைப்பே கெட்டுப்போன இடத்தில்தான். விண்டோஸில் செயலிகளுக்கும் வலையமைப்புக்கும் நடுவே வின்சாக் என்றொரு அடுக்கு உண்டு. சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் விளம்பர நச்சுநிரல்களும் இதற்குள் தங்களைச் செருகிக்கொண்டு, நீக்கப்படும்போது சங்கிலியை அறுத்துவிட்டுப் போவதால், இணைப்பு இருப்பதாகக் காட்டினாலும் எந்தப் பக்கமும் திறக்காது. இதற்காகவே ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’ என்ற தனிக் கட்டளை இருக்கிறது; ஓரிடத்துப் பழுதுக்கு முழு அமைப்பையும் கலைக்க வேண்டியதில்லை.

தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். வழங்கி எது என்ற குறிப்பும் இவ்வாறே கெடக்கூடும். 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. முடக்கிய எஸ்டோனியக் கும்பல் ஒன்று, டி.என்.எஸ். சேஞ்சர் என்னும் நச்சுநிரலால் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளின் இந்தக் குறிப்பை மாற்றி எழுதியிருந்தது. கும்பலின் வழங்கிகளைச் சட்டென்று நிறுத்தினால் அத்தனை கணினிகளும் இணையத்தை இழக்கும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு மாற்று வழங்கிகள் 2012 ஜூலை 9 வரை நடத்தப்பட்டன. அன்று அவை நின்றபோது, அதற்குள் குறிப்பைத் திருத்திக்கொள்ளாத கணினிகளின் கம்பியில் குறையில்லை, ரௌட்டரில் குறையில்லை. வழி கேட்கும் இடம்தான் இல்லாமல் போயிருந்தது.

ரீசெட் என்ன செய்கிறது என்பதிலிருந்தே அதன் விலையும் விளங்கும். விண்டோஸ் 11இல் ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ பகுதியில் உள்ள இந்தப் பொத்தான், வலையமைப்பு அடாப்டர்களை அடியோடு நீக்கி, கணினியை மறுபடி தொடங்கச் செய்து, அவற்றைப் புத்தம்புதிதாக நிறுவுகிறது. அதனால் சேமித்த வைஃபை கடவுச்சொற்களும், கையால் பதித்த நிலையான ஐ.பி. எண்களும் போய்விடும், வெளிநாட்டுக் கொள்முதலாளரின் தளத்துக்குள் நுழைய வைத்திருக்கும் வி.பி.என். மென்பொருளையும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம். வீட்டுக் கணினிக்கு இது பெரிய இழப்பன்று. பத்துக் கணினிகள் டேலி கணக்கு மென்பொருளின் ஒரே கோப்பில் எழுதி ஒரே பிரின்டருக்கு அனுப்பும் அலுவலகத்தில், பழைய எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளாமல் அப்பொத்தானை அழுத்துவது வீண் துணிச்சல்.

ரீசெட்டுக்குப் பின் இணையம் வந்தும் டேலி திறக்காமலும் பில் அச்சாகாமலும் இருந்தால், மறுபடி ரீசெட் செய்யத் தேவையில்லை. அலுவலக வலையமைப்பு ‘பப்ளிக்’ வகைக்கு மாறி, மற்றக் கணினிகளின் கண்ணுக்கு அந்தக் கணினி மறைந்திருக்கக்கூடும். அதைப் ‘பிரைவேட்’ என்று மாற்றிய பிறகே வேறு காரணம் தேட வேண்டும்.