ஊக்கிலும் தோட்டிலும் ஒளிந்திருக்கும் நிக்கல்

தங்காக் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது துணிக்கடைகள். தீபாவளியோ கல்யாணமோ, சேலை எடுக்க வெளியூர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். கரை, நிறம், சரிகை என்று எல்லாம் பார்த்து வாங்குகிறவர்கள், முந்தானையைக் குத்தும் ஊக்கு எந்த உலோகம் என்று பார்ப்பதுண்டா? சேலைக்குப் பொருத்தமாக வாங்கிய கவரிங் தோட்டுக்கும் அதே கதைதான். கல்யாணம் முடிந்த மறுநாளோ மூன்றாம் நாளோ காது மடல் சிவந்து, கழுத்து அரிக்கத் தொடங்கும்போது, பழியெல்லாம் விருந்தில் சாப்பிட்ட இறால் சம்பல் மேல் விழுகிறது.

இறால் எல்லா நேரமும் குற்றவாளி அல்ல. நகை பட்ட இடத்தில் மட்டும் அரிப்பு என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நிக்கலைத்தான்.

வெள்ளி போல் மின்னும் கெட்டியான உலோகம் இது. எளிதில் துருப்பிடிக்காது, காந்தத்தில் ஒட்டும், உருக வேண்டுமானால் 1,455 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். 1751-இல் சுவீடன் நாட்டு கிரோன்ஸ்டெட் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். செம்பு போல் தெரிந்தும் செம்பு தராத தாதுவை ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு குட்டிப்பேயின் பெயரால் திட்டினார்கள். அந்தத் திட்டுதான் உலோகத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

இன்று தோண்டப்படும் நிக்கலில் பெரும்பகுதி எவர்சில்வருக்குப் போகிறது. உலகிலேயே அதிகம் எடுப்பது நம் பக்கத்து நாடான இந்தோனேசியா. கல்யாணத்தில் பரிசாகக் கொடுக்கும் ‘ஜெர்மன் சில்வர்’ தட்டிலும் நிக்கல் உண்டு. பெயரில் இருக்கும் வெள்ளி மட்டும் அதில் இல்லை. 2012-இல் புதிய நாணயங்கள் வருவதற்கு முன் நாம் புழங்கிய 10, 20, 50 காசுகளில் கால் பங்கு நிக்கல், மீதி செம்பு.

சரி, உடம்பில் என்ன நடக்கிறது? நம் ஊர் வெயிலில் வியர்வைக்குப் பஞ்சமில்லை. வியர்வையின் உப்பு, முலாமின் நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்தது தோலுக்குள் புகுந்து புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, உடலின் பாதுகாப்புப் படை அதை எதிரியாகக் குறித்துக்கொள்கிறது. ஒருமுறை குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. மறுபடி பட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பு, கொப்புளம், நீர் வடிதல். இந்தத் தாமதத்தால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. தொப்புளுக்குக் கீழே மட்டும் விடாமல் அரிக்கிறதா? ஜீன்ஸ் பொத்தானையோ பெல்ட் பக்கிளையோ பாருங்கள்.

ஐரோப்பிய ஆய்வுகளில் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இந்த ஒவ்வாமை காணப்பட்டது. ஆண்களில் மிகக் குறைவு. முக்கிய காரணம் காது குத்துவது. ஆறாத புண்ணில் மலிவான தோட்டைச் செருகுவது நிக்கலுக்கு வாசலைத் திறந்து வைப்பது போல. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் சட்டம் போட்டது. தோலோடு ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்தில் அரை மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. குத்திய துளையில் போடும் தோட்டுக்கு அளவு இன்னும் குறைவு.

குழந்தைக்குக் காது குத்தி முதல் தோடு போடும்போது 22 காரட் தங்கமோ டைட்டானியமோ நல்லது. பாட்டிமார் தங்கத்தில்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் நியாயம் இருக்கிறது. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று விற்பதிலும் நிக்கல் உண்டு. அது கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பதால் கசிவு குறைவு, அவ்வளவுதான். காந்தத்தை வைத்துப் பார்ப்பதும் உதவாது. நிக்கல் கலந்த எவர்சில்வர் பலவற்றில் காந்தம் ஒட்டாது. சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் போகலாம். நிக்கல் சல்பேட் தடவிய ஒட்டுத் துணியை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள்.

அப்படியானால் எவர்சில்வர் சட்டியைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். புளி, தக்காளி போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்தால் சிறிதளவு நிக்கல் இறங்கும், அதுவும் புதுப் பாத்திரத்தில் அதிகம். பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் மட்டும் மீன் குழம்பை மண்சட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். முந்திரி, கொக்கோ, சோயா ஆகியவற்றில் இயற்கையாகவே நிக்கல் இருக்கிறது.

மூச்சில் போவதுதான் பெரிய ஆபத்து. வேல்ஸ் நாட்டின் கிளைடாக் நிக்கல் சுத்திகரிப்பு ஆலையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை செய்தவர்களிடையே மூக்கிலும் நுரையீரலிலும் புற்றுநோய் அதிகம் கண்டது. நிக்கல் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990-இல் அறிவித்தது. பற்றவைக்கும் புகையையும் 2017-இல் அதே பட்டியலில் சேர்த்தது. நம் வீட்டு வாசலுக்கு எவர்சில்வர் கதவு செய்யும் பட்டறைகளில் எழுவதும் அத்தகைய புகைதான். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை செய்யும் தம்பிகளை இன்றும் பார்க்கலாம். கைக்குட்டை அந்தப் புகையைத் தடுக்காது. அதற்கென்று உள்ள சுவாசக் கவசமும், புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும் வேண்டும். அவற்றை வாங்கித் தர வேண்டியவர் முதலாளி.