திமிங்கில வேட்டையும் மறைக்கப்பட்ட கணக்கும்

ஜப்பான் கப்பல்கள் மீண்டும் திமிங்கில வேட்டைக்குப் புறப்பட்டன என்ற செய்தி வந்தால், கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் ஒரு கேள்வி எழுவது இயல்பு. திமிங்கிலம் ஹலால்தானே, பிறகு ஏன் இந்தச் சண்டை?

நியாயமான கேள்விதான். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், நீரில் மட்டுமே வாழும் பிராணிகளை உண்ணத் தடையில்லை. புகாரியில் பதிவான ஒரு சம்பவத்தையும் ஜும்ஆ பயான்களில் கேட்டிருப்போம். அபூ உபைதா (ரழி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு ஸஹாபாக்கள், உணவு தீர்ந்து இலைகளைத் தின்னும் நிலைக்கு வந்தபோது, குன்றுபோல் ஒரு பெரிய மீன் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. அதன் விலா எலும்புகளை நட்டுவைத்தார்கள். ஒட்டகம் அடியால் போனது. பல நாட்கள் அதைச் சாப்பிட்டார்கள். மதீனா திரும்பியபின் நபி (ஸல்) அவர்களும் அதில் ஒரு பங்கு கேட்டார்கள்.

ஆனால் அது கடல் தானாகக் கொண்டுவந்து போட்ட ஒன்று. உலகம் நூறு வருடமாகச் சண்டை பிடிப்பது வேறொன்றைப் பற்றி. கரைவலை இழுத்தும் சூரைக்கு ஆழ்கடல் போயும் பிழைக்கும் நமது கரையில் திமிங்கில வேட்டை ஒரு தொழிலாக இருந்ததில்லை. அது வெளியிலிருந்து வந்தது, தொழிற்சாலையாகவே வந்தது.

பாய்க்கப்பல் காலத்து வேட்டைக்காரர்களால் நீலத் திமிங்கிலத்தைத் தொடமுடியவில்லை. அது வேகமாக ஓடும், செத்தால் மூழ்கிவிடும். 1860களில் நோர்வேக்காரர் ஸ்வென் ஃபொய்ன், வெடிகுண்டு பொருத்திய ஈட்டியைப் பீரங்கியால் எறியும் முறையை நீராவிக் கப்பலில் ஏற்றினார். 1925இல் பின்புறம் சரிவுப்பாதை வைத்த ஆலைக்கப்பல் வந்தது. நடுக்கடலிலேயே திமிங்கிலத்தை மேலே இழுத்து, வெட்டி, எண்ணெய் காய்ச்சிவிடலாம். அந்த எண்ணெய் ஐரோப்பாவில் சவர்க்காரமும் மாஜரினும் ஆனது. 1930-31 பருவத்தில் மட்டும் அந்தாட்டிக்கில் 29,000க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி ஈனும் பிராணி அது.

1946இல் வாஷிங்டனில் திமிங்கில வேட்டையை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு அதன் பிள்ளை. வேட்டைக்கு உச்சவரம்பு வைத்தார்கள், ஆனால் வைத்த விதம் விசித்திரம். உழ்ஹிய்யாவில் ஒரு மாட்டுக்கு ஏழு பங்கு என்பதுபோல, ஒரு நீலத் திமிங்கிலத்துக்கு ஈடு இரண்டு துடுப்புத் திமிங்கிலம், அல்லது இரண்டரை கூனல் திமிங்கிலம், அல்லது ஆறு சேய் திமிங்கிலம் என்று எண்ணெயை வைத்துக் கணக்கிட்டார்கள். எந்த இனம் அருகிவருகிறது என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை. மொத்தம் நிரம்பும்வரை எதையும் அடிக்கலாம்.

அந்த ஓட்டைக் கணக்கையும் பொய்யாக்கியவர்கள் இருந்தார்கள். நமது சமுத்திரத்துக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு அதுதான்.

1960களில் சோவியத் ஒன்றியத்தின் 'ஸ்லாவா', 'சோவியெத்ஸ்கயா உக்ரயீனா' என்ற ஆலைக்கப்பல்கள் ஒடெஸா துறைமுகத்திலிருந்து அந்தாட்டிக் போகும் வழியில் வட இந்து சமுத்திரத்தைக் கடந்தன. இங்கே ஆலைக்கப்பல் வைத்து நீலத் திமிங்கிலம் அடிப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனாலும் 1963 முதல் 1966 வரை 1,294 நீலத் திமிங்கிலங்களை அடித்தார்கள். 1966 நவம்பரில் ஓமான், பாகிஸ்தான், இந்தியக் கரைகளுக்கு அப்பால் ஏறத்தாழ 240 கூனல் திமிங்கிலங்கள் போயின. அரபிக்கடலை விட்டு வெளியேறாத அந்தக் கூனல் இனத்தில் இன்று நூறுக்கும் குறைவானவையே மிஞ்சியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

ஆணைக்குழுவுக்கு இதில் எதுவும் அறிவிக்கப்படவில்லை. சோவியத் ஒன்றியம் கலைந்தபின், 1993இல், ரஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி யாப்லகோவ் உண்மையை வெளியிட்டார். அந்தக் கப்பல்களில் வேலைசெய்த உயிரியலாளர்கள் சிலர் அசல் பதிவுகளை அழிக்காமல் ஒளித்து வைத்திருந்தார்கள்; ஒருவர் உருளைக்கிழங்கு சேமிக்கும் கொட்டிலில் வைத்தாராம். உலகம் முழுதும் சோவியத் கப்பல்கள் மறைத்த தொகை ஏறத்தாழ 180,000. திட்ட இலக்கை எட்டினால் மாலுமிகளுக்கு மேலதிகக் கொடுப்பனவு; இலக்கு வருடாவருடம் ஏறியது. யாருடைய பசிக்காகவும் நடந்த வேட்டை இல்லை.

இந்தப் பொய் வெளிவருமுன்னரே இந்து சமுத்திர நாடுகளுக்குப் பொறுமை போயிருந்தது. சின்னஞ்சிறு சீஷெல்ஸின் யோசனைப்படி 1979இல் இந்து சமுத்திரம் தெற்கே 55 பாகை வரை திமிங்கிலச் சரணாலயமானது. அதையடுத்து 'ட்யூலிப்' என்ற சிறு பாய்மரப் படகில் ஆய்வாளர்கள் வந்தார்கள். கொல்லாமலே திமிங்கிலத்தை ஆராயலாம் என்று காட்டிய பயணங்களில் அதுவும் ஒன்று. கரையோடு ஒட்டி ஆழ்பள்ளம் இறங்கும் திருகோணமலையில் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் நீலத் திமிங்கிலங்களையும் கண்டார்கள். பிறகு போர். கிழக்குக் கடல் நமது மீனவர்களுக்கே மூடிக்கிடந்த வருடங்களில் ஆய்வுக்கு எங்கே போவது?

இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் 1957இல் எழுதிய 'தி டீப் ரேஞ்ச்' நாவலில், திமிங்கிலக் கொலையை நிறுத்தப் போராடுபவர் இந்த நாட்டுப் பௌத்த மகாநாயக்க தேரர் ஒருவர். நாவல் அச்சேறி ஆறு வருடத்தில் சோவியத் கப்பல்கள் இந்தச் சமுத்திரத்தில் வேட்டையாடின என்பதை அவர் எப்படி அறிந்திருப்பார்!

1982இல் ஆணைக்குழு வணிக வேட்டையை நிறுத்த 25க்கு 7 என்று வாக்களித்தது, தடை 1986இலிருந்து. நோர்வே ஆட்சேபனை பதிந்துவிட்டு வேட்டையைத் தொடர்கிறது. ஜப்பான் ஆராய்ச்சி என்ற பெயரில் அந்தாட்டிக்கில் வேட்டையாடியதை 2014இல் சர்வதேச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2019இல் ஜப்பான் ஆணைக்குழுவை விட்டே விலகித் தன் கடலில் பகிரங்கமாக வேட்டையாடுகிறது. 2024இல் புதிய தாய்க்கப்பலும் இறக்கியது.

ஜப்பானின் வாதத்தைக் கேலிசெய்து தள்ளமுடியாது. மாடு வெட்டித் தின்பவர்கள் எங்கள் உணவைக் குறைசொல்வதா என்கிறார்கள். மிங்கி போன்ற இனங்கள் தாராளமாக உள்ளன என்கிறார்கள். முதலாவதற்கு என்னிடம் பதில் இல்லை. மாட்டிறைச்சிக்காக இந்த நாட்டில் நாம் கேட்டிருக்கும் பேச்சுகளை நினைத்தால் அவர்கள் பக்கம் சாயவும் தோன்றுகிறது. இரண்டாவதில்தான் தயக்கம். எத்தனை பிடித்தோம் என்று பிடிப்பவரே சொல்ல, அதை நம்பி உச்சவரம்பு வைக்கும் முறை நமது சமுத்திரத்திலேயே தோற்றிருக்கிறது.

இலங்கையில் திமிங்கிலத்தையும் டொல்பினையும் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம். இப்போது ஈட்டியைவிடப் பெரிய ஆபத்து தெற்கே தேவேந்திரமுனைக்கு அப்பால் ஓடும் சரக்குக் கப்பல் பாதை. நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்துக்கு ஊடாகவே அது போகிறது. கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் போன்றவர்கள் இந்த ஆபத்தைப் பல வருடங்களாகச் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் கம்பனி தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. சட்டம் கேட்டுச் செய்ததில்லை, தானாகச் செய்தது. கப்பல் மோதிச் சாகும் திமிங்கிலங்களுக்குப் பதிவேடும் சரியாக இல்லை: இவ்வளவு பெரிய கப்பலில் இருப்பவர்களுக்குத் திமிங்கிலம் மோதியதே தெரியாமல் போகலாம்.