புள்ளியில் என்ன இருக்கிறது?



போன குழுக் கூட்டத்துக்கு ஓர் ஓவியத்தின் படம் கொண்டு போயிருந்தேன். அதில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. பெரிய கறுப்பு வட்டம், சுற்றிலும் சிவப்பு, மஞ்சள், நீலத்தில் முக்கோணங்கள். "இதுல என்னங்க இருக்கு? எங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்கள்.

வரைந்தவர் எஸ்.எச். ரஸா. 1922-ல் மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர். 1950-ல் பிரான்சுக்குப் படிக்கப் போய், 60 வருடம் அங்கே வாழ்ந்து, 2010-ல் நாடு திரும்பினார். 2016-ல் காலமானார். சின்ன வயதில் படிப்பில் மனசு நிற்காதாம். வாத்தியார் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்க்கச் சொன்னாராம். பிற்பாடு அதுதான் அவர் ஓவியங்களில் 'பிந்து' ஆனது. பிந்து என்றால் புள்ளி. எல்லாம் முளைக்கிற விதை. மேல் நோக்கிய முக்கோணம் ஆண், கீழ் நோக்கியது பெண். நிறங்கள் ஐம்பூதங்கள்.

இதைச் சொன்னதும் ஓர் அக்கா, "அட, நாமளும் கோலத்துக்கு முதல்ல புள்ளிதானே வைக்கிறோம்!" என்றார். அப்புறம் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு அந்த வட்டம் கிணறு, இன்னொருவருக்கு கர்ப்பப்பை. இரண்டும் தப்பில்லை.

ரஸாவின் 'சௌராஷ்டிரா' ஓவியம் 2010-ல் 16 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. நம் வாசல் கோலம் மத்தியானத்துக்குள் கால் பட்டு அழிந்துவிடும். விலை இல்லை என்பதால் நமக்கு அறிவும் இல்லை என்றாகிவிடுமா?

"எங்களுக்கு என்ன தெரியும்" என்கிற பேச்சுதான் பாங்கிலும் ஆபீஸிலும் நம் வாயை அடைக்கிறது. அதை விடுவோம்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கோலம் போட்டு, அதன் அர்த்தத்தைச் சொல்லுங்களேன்!