மலைச்சாலையும் இரு வீச்சு மோட்டார் சைக்கிளும்

"டூ ஸ்ட்ரோக்" என வழங்கும் இரு வீச்சு இயந்திரம் பூட்டிய சிறிய விரைவு மோட்டார் சைக்கிள்கள் இன்று அருகிவிட்டன. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்.எக்ஸ். 100 இவ்வினத்திற் புகழ்பெற்றது. 98 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே உடைய அதன் இயந்திரம் 11 குதிரைவலு தந்தது. இத்தகைய பழைய வண்டியொன்று விலைக்கு வந்ததெனக் கேட்டதும், பெற்றோரின் சேமலாப நிதிப் பணத்தைக் கொடுத்தேனும் வாங்கத் துணியும் இளைஞர் நம் ஊவாத் தோட்டங்களில் இருத்தல் கூடும். அவர்கள் முதலில் அறியவேண்டியது ஒன்றுண்டு.

நான்கு வீச்சு இயந்திரத்தின் அடியில் எண்ணெய் தங்கியிருந்து உறுப்புகளை நனைக்கும். இரு வீச்சு இயந்திரத்திலோ பிஸ்டனுக்குக் கீழுள்ள அறை வழியே பெற்றோலும் காற்றும் செல்வதால், அங்கே எண்ணெய் தங்க இடமில்லை. பெற்றோலோடு செல்லும் எண்ணெயே உறுப்புகளை நனைத்துப் பின் எரிந்து புகையாகும். ஆதலின் பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும்.

ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குவதாகக் கொள்வோம். வலக்கைப் பிடியை மூடியபடியே நெடுந்தூரம் இறங்கினால், சக்கரம் இயந்திரத்தை விரைந்து சுழற்றும். எண்ணெயோ சொற்பமே கிட்டும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகினால், வளைவில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அருகே பள்ளத்தாக்கு! ஆதலின் இறக்கத்தில் இடையிடையே பிடியைச் சிறிது திறந்து மூடுதல் வேண்டும். இயந்திரம் இறுகுவதாக உணர்ந்த கணமே கிளச்சை அழுத்துதல் வேண்டும்.

1964 இல் யமஹா நிறுவனம், தனித்தாங்கியிலிருந்து எண்ணெயை அளந்து செலுத்தும் பம்பை அறிமுகஞ் செய்தது. பழைய வண்டிகளில் அது பழுதுற்றிருக்கலாம், அகற்றப்பட்டுமிருக்கலாம். அதனை விற்பவரிடம் கேட்டறிக. பம்பு இல்லையெனின் எண்ணெயை உரிய அளவிற் பெற்றோலிற் கலந்தே ஊற்றவேண்டும். நல்ல மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சிலிண்டரைத் திறந்து, சுவரில் நெடுங்கீறல்கள் உளவோ எனப் பார்த்திடுக. முன்னர் இறுகியதற்கு அவையே சாட்சி. இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு பொருந்துகின்றனவா என்பதையும் நோக்குக.

அபூர்வமான வண்டிக்கு உதிரிப்பாகமும் அபூர்வமே. வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை என்பதை உணர்ந்து, பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்பது அறிவுடைமையாகும்.