இளமை வறுமையும் இருதய நோயும்

ஐம்பது வயதில் ஒருவர்க்கு மாரடைப்பு உண்டாயின், அதற்குக் காரணத்தை அவருடைய அக்கால வாழ்விலேயே நாம் தேடுகின்றோம். கொழுப்புணவு, புகைத்தல், உடலுழைப்பின்மை என்பன காரணங்களாதல் உண்மையே. ஆயினும், நோயின் வித்துச் சிலரிடத்தே தொட்டிற் பருவத்திலேயே ஊன்றப்படுகின்றதென அறிஞர் காட்டியுள்ளனர்.

இங்கிலாந்தின் ஹேட்பட்சயர்ப் பகுதியில், 1911 ஆம் ஆண்டு முதலாக, குழந்தைகளின் பிறப்பு நிறையும் ஓராண்டு நிறைந்தபோதுள்ள நிறையும் பதிவேடுகளிற் குறிக்கப்பட்டன. 1911 முதல் 1930 வரை அங்குப் பிறந்த 5,654 ஆண்களின் பிற்கால நிலையை அப்பதிவேடுகளோடு ஒப்புநோக்கிய டேவிட் பாக்கர் என்னும் மருத்துவ அறிஞரும் துணைவரும் 1989 இல் தம் முடிபை வெளியிட்டனர். இருதய நோயால் நேரும் இறப்பின் பொது அளவை 100 எனக் கொள்ளின், ஒரு வயதில் 18 இறாத்தலோ அதனிற் குறைவோ நிறுத்தவரிடை அது 111. 27 இறாத்தலும் அதற்கு மேலும் நிறுத்தவரிடை 42.

இஃது எவ்வாறு நிகழும்? கருவிலுள்ள சிசுவுக்கு ஊட்டம் போதாவிடின், உடல் மூளையைப் பேணி ஏனைய உறுப்புக்களின் வளர்ச்சியைச் சுருக்குகின்றது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கும் நுண்கூறுகள் பிறந்தபின் எண்ணிற் பெருகுவதில்லை. அவை குறைந்தவர்க்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் உயர்தல் கூடும். அவ்வழுத்தம் இருதயத்தைத் தாக்கும்.

பின்னர்ச் செல்வம் வந்தால் இக்குறை தீராதோ எனின், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1948 முதல் 1964 வரை தேறிய மாணவர் வரலாறு விடை பகரும். அனைவரும் மருத்துவராயினர்; நல்வாழ்வு பெற்றனர். எனினும், வறிய குடும்பத்திற் பிறந்தோர் 50 வயதுக்குள் இருதய நோயுறுதல் ஏனையோரினும் ஏறக்குறைய 2.4 மடங்காயிருந்தது. அவ்வயதின் பின் இவ்வேற்றுமை காணப்படவில்லை.

1945 இல் வந்த இலவசக் கல்வியால் உயர்ந்து, இன்று நற்பதவிகளில் விளங்கும் பழைய மாணவர் பலர்க்கும் இவ்வரலாறு அயலதன்று. இளமையில் வறுமையுற்றோர் நாற்பது வயதிலேயே இரத்த அழுத்தத்தைச் சோதித்தல் நன்று. முன்னை வறுமை மாற்றவொண்ணாததாயினும், புகையை விலக்கலும் நாடோறும் நடத்தலும் நம் கையிலுள்ளன.

இன்னுமொன்று. காலையுணவின்றி வகுப்பிற் சோர்ந்திருக்கும் சிறுவரை ஆசிரியராகிய நாம் காண்கின்றோம். விழாவின் நினைவாகக் கட்டடம் எழுப்புதல் சாலச் சிறந்தது. அதனோடு அச்சிறுவர்க்கு ஒருவேளை உணவும், கருவுற்ற வறிய தாயர்க்கு ஊட்டமும் அளிக்க முன்வருவோமாயின், ஐம்பதாண்டின் பின் அடங்கவிருந்த இருதயங்கள் சில தொடர்ந்து துடிக்கும்.